பெல்ட்டில் மாட்டும் செல்போன் உறை: முதுகைப் பார்த்து வாங்குங்கள்

கடையில் பெல்ட் பவுச் கேட்பவர்களில் பெரும்பாலோர் முதலில் தடவிப் பார்ப்பது அதன் முன்பக்கத்தைத்தான். தோல் மெத்தென்று இருக்கிறதா, மூடி ‘டப்’ என்று ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசத் தொடங்கிவிடுவார்கள். உறையைத் திருப்பி அதன் முதுகைப் பார்ப்பவர் குறைவு. பல்லடம், சுல்தான்பேட்டை, பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டங்களில் நீர்மூழ்கி மோட்டார் இறக்கி ஏற்றும் வேலையில் பதினைந்து ஆண்டுகளாக இருக்கும் நான் இதுவரை ஏழெட்டு உறைகளைக் கழித்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட முன்பக்கம் கிழிந்து வீணானதில்லை. எல்லாமே பெல்ட்டோடு சேரும் இடத்தில்தான் போயின. ஆகவே, உறையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை அதன் முதுகிலிருந்தே தொடங்குகிறேன்.

கிளிப்பா, வளையமா

பெல்ட்டோடு சேரும் அமைப்பு மூன்று வகைப்படும். முதலாவது பிளாஸ்டிக் அல்லது எஃகுக் கிளிப்; பெல்ட்டின் மேலிருந்து செருகினால் போதும், கழற்றுவதும் நொடி வேலைதான். இரண்டாவது, உறையின் முதுகில் தைத்த வளையம். பெல்ட்டைக் கழற்றி அதற்குள் கோத்தால்தான் உறை ஏறும். மூன்றாவது, ஒரு முனை உறையோடு தைக்கப்பட்டு மறுமுனை டிச் பட்டனால் மூடும் பட்டை. பெல்ட்டைக் கழற்றாமலே மாட்டலாம், ஆனால் நாம் பட்டனைத் திறந்தாலொழியத் தானாகக் கழன்று வராது.

பிளாஸ்டிக் கிளிப்பின் பலவீனம் அது வளையும் தோளில் இருக்கிறது. தடிமனான பெல்ட்டில் செருகும் ஒவ்வொரு முறையும் அந்தத் தோள் சிறிது விரிந்து மூடுகிறது. அப்படி விரிந்து விரிந்து ஒரு நாள் அங்கே மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு விழும். வெயிலில் நிற்கிற வேலையென்றால் அந்தக் கோடு இன்னும் சீக்கிரம் வரும், ஏனென்றால் வெயில் குடித்த பிளாஸ்டிக் நாளாக ஆக வளைவதை விட்டு முறியத் தொடங்கும். அந்த வெள்ளைக் கோட்டை நான் ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், மாற்றவில்லை. சுல்தான்பேட்டைக்கு அருகே ஒரு தோட்டத்தில் எண்பது அடிக் கிணற்றின் கட்டைச் சுவரில் சாய்ந்து பைப்பின் நிலையை எட்டிப் பார்த்தபோது சுவர் விளிம்பு கிளிப்பில் அழுந்தியது. உறை அப்படியே போனோடு உள்ளே போயிற்று. தோட்டத்துக்காரர் ஓடி வந்து பார்த்துவிட்டு, “போனுதானுங்க போச்சு, போகட்டும் விடுங்க. நீங்க போகாம நின்னீங்களே” என்றார். அவர் சொன்னது சரிதான், ஆனால் தவணை இன்னும் ஐந்து மாதம் பாக்கி இருந்தது.

எஃகுக் கிளிப் அவ்வளவு எளிதில் முறியாது. ஆனால் உறையின் அடியில் ஏதாவது தட்டி மேலே தள்ளினால் வழுக்கிக் கொண்டு வரும். காரில் சீட் பெல்ட் போடும்போதும், பேருந்து இருக்கையின் கைப்பிடியை உரசி எழும்போதும், நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து ஓட்டுநர்கள் லாரி கேபினிலிருந்து பின்பக்கமாக இறங்கும்போதும் நடப்பது இதுதான். கிளிப் வைத்த உறைதான் வேண்டும் என்றால் அதன் கீழ்முனையில் உள்நோக்கி மடிந்த ஒரு சிறு கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கொக்கி பெல்ட்டின் கீழ் விளிம்பைப் பிடித்தால்தான் பயன்; பெல்ட் அகலமாக இருந்து கொக்கி அதன் நடுவிலேயே நின்றுவிட்டால் கொக்கி இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். பேன்ட்டுக்குப் போடும் பெல்ட் பெரும்பாலும் 30 முதல் 35 மி.மீ. அகலமும், ஜீன்ஸ் பெல்ட் 38 முதல் 40 மி.மீ. அகலமும் இருக்கும். உங்கள் பெல்ட்டைக் கழற்றி ஒரு முறை அளந்து வைத்துக்கொள்வது நல்லது.

வளையம் வைத்த உறையில் இந்தக் கவலைகள் இல்லை. அங்கே வருவது வேறொரு தொல்லை: எல்லா பெல்ட்டுக்கும் பொருந்த வேண்டும் என்று வளையத்தை 50, 60 மி.மீ. அளவுக்குப் பெரிதாகத் தைத்து விடுகிறார்கள். 35 மி.மீ. பெல்ட் அதற்குள் போனால் உறை நிற்காமல் ஆடும். வண்டியில் குழியேறி இறங்கும்போதெல்லாம் எகிறி விழும். அந்த ஆட்டமே நாளடைவில் தையலை அறுக்கும். வளையத்தின் அடியில் குறுக்காக ஒரு தையல் போட்டு உங்கள் பெல்ட்டின் அகலத்தைவிட மூன்று நான்கு மி.மீ. மட்டும் கூடுதலாக இருக்கும்படி சுருக்கிக் கொண்டால் அது சரியாகிவிடும்.

தையலைப் பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். வளையமோ பட்டையோ உறையின் முதுகில் ஒட்டும் இடத்தில் ஒற்றை வரித் தையல் இருந்தால் வாங்க வேண்டாம். சதுரமாகச் சுற்றித் தைத்து அதற்குள் பெருக்கல் குறியும் போட்டிருந்தால் இழுவை ஒரே வரியில் விழாமல் பரவும். தோல் உறையில் தையல் மிக நெருக்கமாக இருப்பதை உறுதியென்று நினைப்பதும் தவறு. ஊசித் துளைகள் நெருங்க நெருங்கத் தோல் தபால் தலையின் ஓரம் போல ஆகி, இழுத்தால் அந்த வரியிலேயே கிழியும். ஓர் அங்குலத்துக்கு ஆறு முதல் எட்டுத் தையல் போதுமானது. தையலோடு ரிவெட்டும் அடித்திருந்தால் உறைக்குள் விரலை விட்டு அதன் உட்தலையைத் தடவிப் பாருங்கள். அது மேடாகவோ கூராகவோ இருந்தால் நாள் முழுவதும் உங்கள் போனின் கண்ணாடியை உரசிக்கொண்டிருக்கும். மேலே ஒரு துணியோ தோலோ ஒட்டி மறைத்திருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் வேட்டிக்கு மேல் பச்சைப் பெல்ட் கட்டுகிற பெரியவர்களுக்குக் கடையில் தொங்கும் உறைகளில் அநேகமாக எதுவும் ஆகாது. பழைய பட்டன் போன் அந்தப் பெல்ட்டின் பணப்பையிலேயே அடங்கியது. இன்றைய போன் அடங்காது. நான்கு விரல் அகலமுள்ள அந்தப் பெல்ட் கடை உறையின் வளையத்துக்குள் நுழையாது, கிளிப்பும் எட்டாது. அவர்களுக்கு டிச் பட்டன் பட்டையை நீளமாக வைத்துத் தைத்துக் கொள்வதே வழி.

நூல் பிடித்து அளவெடுத்தல்

உறையின் அட்டையில் “6.7 அங்குலம் வரை” என்று அச்சடித்திருப்பதை நம்பி வாங்காதீர்கள். அந்த எண் திரையின் மூலைவிட்ட நீளம். போனின் அகலத்தையோ தடிமனையோ அது சொல்வதில்லை. போனை நீங்கள் அன்றாடம் வைத்திருக்கும் பேக் கவரோடு சேர்த்தே அளக்க வேண்டும். நூல் ஒன்றை எடுத்து, கேமரா புடைத்திருக்கும் இடத்தில் போனை அகலவாக்கில் ஒரு சுற்றுச் சுற்றி, நூலின் இரு முனைகளும் சேரும் இடத்தில் முடிச்சிடுங்கள். அந்த நூல் வளையத்தை இரண்டாக மடித்துத் தட்டையாக வைத்தால் கிடைக்கும் நீளம்தான் உறையின் உட்புற அகலம். போன் கவரோடு 80 மி.மீ. அகலமும் கேமராப் பக்கம் 14 மி.மீ. தடிமனும் இருந்தால், தட்டையாகத் தைத்த உறையின் உட்புறம் இரண்டு தையல்களுக்கு இடையே சுமார் 94 மி.மீ. இருக்க வேண்டும். 80 மி.மீ. அகல போனுக்கு 85 மி.மீ. உறை தாராளம் என்று நினைத்து வாங்கி, பிறகு போனை உள்ளே திணிக்க முடியாமல் திண்டாடுகிறவர்கள் இந்தத் தடிமனை மறந்தவர்கள். பக்கவாட்டில் தனிப் பட்டை வைத்துப் பெட்டி போலத் தைத்த உறையென்றால் இந்தக் கணக்கு தேவையில்லை, அகலத்தையும் தடிமனையும் தனித்தனியே பொருத்திப் பார்த்தால் போதும்.

தோல் உறை புழங்கப் புழங்கச் சில மி.மீ. இளகிக் கொடுக்கும், ஆகவே வாங்கும்போது சற்று இறுக்கமாக இருப்பதே சரி. நைலான் அப்படி இளகாது; முதல் நாள் இறுகினால் கடைசி வரை இறுகும். பக்கங்களில் எலாஸ்டிக் வைத்த உறை எல்லா போனுக்கும் பொருந்துவதாகச் சொல்லி விற்கப்படுகிறது, எலாஸ்டிக் தளர்ந்த பிறகு எந்தப் போனையும் பிடித்து நிறுத்தாது.

இறுக்கத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உறையின் ஓரம் பவர் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தால் போன் தானே விழித்துக்கொள்ளும். பல போன்களில் அந்தப் பட்டனைத் தொடர்ந்து சில முறை அழுத்தினால் அவசர அழைப்பு 112-க்குப் போய்விடும். குனிந்து மம்பட்டி பிடிக்கும்போது இடுப்பு மடிப்பு அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

வாயை மூடும் விதம்

பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப் பையைக் கவனித்திருந்தால் ஒன்று விளங்கும்: அதன் கயிற்றை இழுக்க இழுக்க வாய் இறுகுமே தவிரத் திறக்காது. செல்போன் உறையின் வாயும் அப்படித்தான் இருக்க வேண்டும், ஆனால் விற்பனைக்கு வரும் உறைகளில் பாதிக்கு மேல் காந்தத்தை நம்பியிருக்கின்றன.

காந்த மூடி அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு வசதியானது. கோவையில் லேத் பட்டறையிலோ வார்ப்பாலையிலோ வேலை செய்பவர்களுக்கு அது ஆகவே ஆகாது. இரும்புத் தூளும் சீவலும் காந்தத்தைச் சுற்றி மீசை போல மண்டி, போனை எடுக்கும்போதும் வைக்கும்போதும் கண்ணாடியைக் கீறும். காந்தம் போனின் திசைகாட்டியையும் சிறிது குழப்பும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் காந்தமுள்ள போனையும் துணைப்பொருள்களையும் அந்தக் கருவியிலிருந்து 15 செ.மீ. தூரத்துக்கு மேல் வைக்க வேண்டும் என்று ஆப்பிள் நிறுவனம் அறிவுறுத்துகிறது. இடுப்பில் இருக்கும் வரை அந்தத் தூரம் இருக்கும், ஆனால் உறையைக் கழற்றிச் சட்டைப் பையில் செருகிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

வெல்க்ரோவுக்குப் பகை பஞ்சு. திருப்பூரில் பனியன் கம்பெனியிலும், சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களிலும் பறக்கும் பஞ்சுத் துகள் அதன் கொக்கிகளுக்குள் ஏறி அடைத்துக்கொள்ளும்; இரண்டு மாதத்தில் மூடி ஒட்டுவது போல ஒட்டி, தானே திறக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் வாரம் ஒரு முறை தேய்த்து எடுப்பவர் வெல்க்ரோ வாங்கலாம். மற்றவர்களுக்கு டிச் பட்டனே நல்லது. பட்டன் பித்தளையா, முலாம் பூசிய இரும்பா என்பதை அறிய ஒரு சிறு காந்தத்தை அருகே கொண்டு போனால் தெரிந்துவிடும், பித்தளை ஒட்டாது. இடுப்பு வியர்வையில் உப்பு இருப்பதால் இரும்புப் பட்டன் துருப்பிடித்து ஒரு நாள் திறக்க மறுக்கும், அல்லது அதன் பல் தேய்ந்து மூட மறுக்கும்.

ஜிப் வைத்த உறையிலிருந்து ஒரு கையால் போனை எடுக்க முடியாது என்பது ஒன்றே அதைத் தள்ளப் போதுமான காரணம்.

தோல், ரெக்ஸின், நைலான்

தோலென்று சொல்லி ரெக்ஸின் விற்பது புதிதல்ல. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: தோலில் நார் நாராகத் தெரியும், ரெக்ஸினில் மேலே ஒரு படலமும் அடியில் துணியும் தனித்தனியே தெரியும். ரெக்ஸின் ஓரிரு கோடையில் செதில் செதிலாக உரிந்துவிடும். தோலிலும் இரண்டு வகை உண்டு. ஈரோட்டுப் பக்கத்துத் தோல் பதனிடும் கூடங்கள் பழமையானவை. ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிடுவது தென்னாட்டின் பழைய முறை. அப்படிப் பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பாக இருக்கும், தண்ணீர்த் துளி பட்டால் கறுத்துப் பின் ஆறும், நனைத்து அழுத்தினால் கொடுத்த வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். குரோமிய உப்பில் பதனிட்ட தோல் மென்மையானது, நீரைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும், ஆனால் வடிவம் பிடிக்காது. சில மாதங்களில் தொளதொளத்துப் போகும். எந்தத் தோலானாலும் நனைந்தால் நிழலில்தான் உலர்த்த வேண்டும்.

மழைக்கும் சேற்றுக்கும் நைலானோ கேன்வாஸோ தோலைவிட நல்லது. ஆனால் எந்த உறையும் போனைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றிவிடும் என்று நினைக்க வேண்டாம். போனின் பெட்டியில் ஐ.பி. 68 என்று போட்டிருந்தால், அதில் 6 என்பது தூசி புகாது என்பதையும் 8 என்பது நிறுவனம் குறிப்பிடும் ஆழத்திலும் நேரத்திலும் மூழ்கினால் தாங்கும் என்பதையும் சொல்கிறது. அதுவும் ஆய்வகத்தில் புதுப் போனை நல்ல தண்ணீரில் வைத்துப் பார்த்த கணக்கு. உரம் கரைத்த தண்ணீருக்கும் சாயப்பட்டறைத் தண்ணீருக்கும் அது செல்லாது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றோடு வரும் பொள்ளாச்சிச் சாரலுக்கு, ஜிப் வைத்த தெளிவான பிளாஸ்டிக் பை ஒன்றை மடித்து உறைக்குள் வைத்திருப்பதே போதுமான ஏற்பாடு.

கோடைக்கு வேறு கணக்கு. வானிலைச் செய்தியில் கரூர் பரமத்தியின் பெயர் அடிக்கடி முதலில் வருவதை நாம் எல்லோரும் கேட்கிறோம். ஐபோனைப் பயன்படுத்தச் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது ஆப்பிளின் அறிவுரை. மற்ற போன்களின் மின்கலமும் அதே லித்தியம் வகைதான். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் அந்த எல்லை காலை பத்து மணிக்கே தாண்டிவிடும் நாட்கள் உண்டு. எனவே உட்புறம் கனத்த பஞ்சு வைத்து நாற்புறமும் மூடிய கறுப்பு உறையைத் தவிர்த்து, அடியில் சிறு திறப்புள்ள உறையாக வாங்குங்கள். அந்தத் திறப்பு வழியே தூசியும் கொட்டிவிடும், போனைக் கீழிருந்து விரலால் தள்ளி எடுக்கவும் உதவும். வழிகாட்டி வரைபடத்தையோ ஹாட்ஸ்பாட்டையோ ஓடவிட்டுப் போனை உறைக்குள் போடாதீர்கள்.

“மிலிட்டரி கிரேடு” என்ற முத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. அது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் மில் எஸ்.டி.டி. 810 என்ற சோதனை முறையைக் குறிக்கிறது. அதில் உள்ள விழுதல் சோதனையில் பொருளை சுமார் 122 செ.மீ. உயரத்திலிருந்து 26 முறை வெவ்வேறு பக்கமாகப் போடுவார்கள். அந்த 26 முறையையும் ஐந்து மாதிரிகள் வரை பங்கிட்டுக் கொள்ளலாம். விழுவதும் பிளைவுட் பலகையின் மேல். பெல்ட் உயரத்துக்கு அந்த அளவு போதும்தான், ஆனால் முத்திரையைக் குத்துவது நிறுவனமே, சரிபார்த்துச் சான்று தரும் அமைப்பு எதுவும் அதற்குப் பின்னால் இல்லை.

எங்கே, எப்படி மாட்டுவது

இன்றைய போன்களில் பல 160 மி.மீ. நீளத்தைத் தாண்டிவிட்டன. நெட்டுக்குத்தாக முன்பக்கம் மாட்டினால் உட்காரும்போது அதன் அடி தொடையில் முட்டும், மேல் முனை வயிற்றில் குத்தும், நடுவில் வளைவுச் சுமை முழுவதையும் போன் தாங்கும். உட்கார்ந்தே வேலை செய்யும் ஓட்டுநருக்கும் கடைக்காரருக்கும் படுக்கை வாட்ட உறை பொருந்தும். குனிந்து நிமிர்கிறவருக்கு நெட்டுக்குத்து உறையை இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் தள்ளி மாட்டுவது பொருந்தும். படுக்கை வாட்டத்தில் இரு பக்கமும் தோலால் அடைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் குப்புறப் படுத்து மோட்டாரைப் பார்க்கும்போது போன் பக்கவாட்டில் நழுவும். திரை உடம்பைப் பார்த்திருக்க வேண்டும். பண்ணாரி குண்டம், சென்னிமலைத் தைப்பூசம் போன்ற கூட்டங்களில் உறையை முன்பக்கம் நகர்த்தி, அது மறையும்படி சட்டையை அதன்மேல் இழுத்துவிட்டுக் கொள்ளுங்கள்.

போன் கீழே விழாமலிருக்கக் கயிறு கட்டிக்கொள்வது கிணற்று வேலைக்கு நல்ல யோசனை. தறி, லேத், பெல்ட் ஓடும் அரவை மில் ஆகிய இடங்களில் அந்தக் கயிறு உயிருக்கே வினையாகும். அங்கே தொங்கும் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது.

கதிர்வீச்சுக்குப் பயப்படுபவர்களுக்கு: இந்தியாவில் போன்களுக்கான எஸ்.ஏ.ஆர். (போனின் அலைகளிலிருந்து உடம்பு உறிஞ்சும் ஆற்றலின் அளவு) வரம்பு 2012 செப்டம்பர் முதல் கிலோகிராமுக்கு 1.6 வாட், உங்கள் போனில் *#07# அழுத்தினால் அதன் அளவு தெரியும். உடம்புக்கும் போனுக்கும் இடையே சில மி.மீ. இடைவெளி வேண்டும் என்றும் உறையில் உலோகத் தகடு கூடாது என்றும் பல கையேடுகள் சொல்கின்றன.

தைத்துக் கொள்வது

கடையில் எதுவும் பொருந்தாதபோது, தைத்துக் கொள்வதில்தான் எனக்கு நம்பிக்கை. பல்லடத்தில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் என் போனை நீட்டியபோது அவர் அதைத் தொடவே இல்லை. “போனை வெச்சுட்டுப் போகாத கண்ணு, அதுல உன்ற காசெல்லாம் இருக்குது. அதே அளவுல ஒரு கட்டையைக் கொண்டா, போதும்” என்றார். தச்சரிடம் 168 மி.மீ. நீளம், 80 மி.மீ. அகலம், 11 மி.மீ. தடிமனில் ஒரு கட்டையை இழைத்து வாங்கி, கேமரா இருக்கும் மூலையில் சைக்கிள் டியூப் துண்டை இரண்டு மடிப்பாக ஒட்டிக் கொண்டுபோனேன். அவர் பட்டையில் பதனிட்ட தோலை நனைத்து, கட்டையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி உள்ளே வைத்து, ஓரங்களை எலும்பால் தேய்த்து அழுத்தி, ஓர் இரவு அப்படியே விட்டுவிட்டார். காலையில் கட்டையை உருவியபோது கேமராவின் மேடு கூடத் தோலில் பதிந்திருந்தது. முதுகில் பட்டையை மட்டும் நான் பக்கத்தில் நின்று பார்த்துத் தைக்கச் சொன்னேன்: சதுரம், அதற்குள் பெருக்கல் குறி, மேலே இரண்டு பித்தளை ரிவெட்.

வாங்கினாலும் தைத்தாலும் பணம் கொடுக்கும் முன் போனை உள்ளே வைத்து மூடி, மெத்தையோ துணியோ விரித்த இடத்துக்கு மேல் கவிழ்த்துக் குலுக்குங்கள். பெல்ட்டில் மாட்டிக்கொண்டு ஒரு முறை குந்தி எழுங்கள், முக்காலியில் உட்காருங்கள், ஒரு கையில் பையைப் பிடித்தபடி மறு கையால் போனை எடுத்துத் திரும்ப வையுங்கள். இத்தனையையும் செய்ய விடாத கடைக்காரரிடம் வாங்க வேண்டியதில்லை.

பிறகு மாதம் ஒரு முறை உறையைக் கழற்றி முதுகை வெளிச்சத்தில் பாருங்கள். என் உறைக்கு இப்போது மூன்றாவது ஆண்டு. பட்டையின் இடது ஓரத்தில் இரண்டு தையல் விட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை பல்லடம் போகும்போது அதைப் போட்டுக்கொள்ள வேண்டும்.